தரங்கம்பாடி கதையை முழுசா சொல்லுங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில வந்து இறங்கின ஜூலை 9ஐ ஒட்டி உங்க பேப்பர்ல அரைப்பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்துச்சு, படிச்சேன், சந்தோஷம். எங்க பக்கத்து ஊர் சமாச்சாரம் மெயின் பேப்பர்ல வர்றதே அபூர்வம், வந்தா புயல் வந்தா வரும் இல்ல கோட்டையில சினிமா ஷூட்டிங்னா வரும். நான் பொறையாறுல இருக்கேன், ரிட்டயர்ட் டீச்சர், லுத்தரன் சபை, சின்ன வயசுல இருந்து இந்த கதைய கேட்டு வளர்ந்தவ. அந்த உரிமையில ஒரு மனக்குறைய எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், வெட்டாம போட்டீங்கன்னா நல்லாருக்கும்.

கட்டுரையில என்ன இருக்குன்னா 1706ல வந்தார், தமிழ் கத்துக்கிட்டார், பள்ளிக்கூடம் வச்சார், அச்சுக்கூடம் வச்சார், 1715ல புதிய ஏற்பாட்டை தமிழ்ல அச்சடிச்சார், கோயில் கட்டினார், 36 வயசுல இறந்தார். எல்லாம் சரிதான், ஆனா படிச்சா ஃபர்ஸ்ட் க்ளாஸ் மார்க் ஷீட் மாதிரி இருக்கு. அந்த வாரமே எங்க பக்கத்துல ஒரு கூட்டத்துல பிரசங்கமும் இதேதான், ஒரே ஒரு வித்தியாசம், அங்க நடுவுல ஜெயிலும் கப்பலும் வந்துச்சு, வந்த உடனே "பார்த்தீங்களா, சகலமும் நன்மைக்கு ஏதுவாத்தான் நடந்துச்சு"ன்னு முடிச்சுட்டாங்க, எல்லாரும் அல்லேலூயா சொன்னாங்க, பொங்கல் பாக்கெட் குடுத்தாங்க, வந்துட்டோம். பேப்பர் கஷ்டத்தை விட்டுடுது, மேடை கஷ்டத்தை சொல்லி உடனே அதுக்கு ரிப்பன் கட்டிடுது. ரெண்டும் தப்புன்னு நான் நினைக்கிறேன், ஏன்னு சொல்றேன்.

அந்த மனுஷன் வாழ்க்கையில பிளான் பண்ணது பண்ண மாதிரி நடந்தது ரொம்ப கம்மி. ஜெர்மனியில புல்ஸ்னிட்ஸ்னு ஒரு சின்ன ஊர், சின்ன வயசுலயே அம்மாவும் போயாச்சு அப்பாவும் போயாச்சு. படிக்கப் போன இடத்துல எல்லாம் உடம்பு சரியில்லாம படிப்பு நின்னு நின்னு போச்சு. டென்மார்க் ராஜா நாலாம் ஃபிரெட்ரிக் மிஷனரி அனுப்பணும்னு ஆசைப்பட்டப்ப இந்தியாங்கிறது முதல் பேச்சே இல்ல, ஆப்பிரிக்காவுல கினி கரைங்கிற பேச்சுதான் இருந்துச்சு, அப்புறம்தான் தரங்கம்பாடின்னு மாறிச்சு. 1705 நவம்பர் கடைசியில கோபன்ஹேகன்ல கப்பல் ஏறினவங்க ஏழு மாசத்துக்கு மேல கடல்ல கிடந்து வந்து சேர்றாங்க, இவரும் கூட வந்த புளுட்சோவும். வந்தா ராஜா முத்திரை போட்ட லெட்டர் கையில இருக்கு, ஆனா கோட்டையில இருக்கிற கமாண்டன்ட் ஹாசியஸுக்கு இவங்கள பிடிக்கல. டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி யாவாரத்துக்கு இடைஞ்சல்னு நினைச்சவர் அவர். யாரு உங்கள அனுப்பினது, எதுக்கு வந்தீங்கன்னு கேட்டு நடுத்தெருவுல நிக்க விட்டுட்டு போயிட்டார். ஜூலை மாசத்து வெயில் எங்க ஊர்ல எப்படி இருக்கும்னு எங்களுக்குத் தெரியும்.

கூப்பிட்டது கடவுள்னா வாசல் திறந்து இருக்கணும்ல? இங்க இல்ல. அடுத்து அவங்க என்ன பண்ணாங்கன்னு பாருங்க, எனக்கு அதுதான் முக்கியமா படுது. ஒரு தமிழ் வாத்தியார பிடிச்சு அவர் பள்ளிக்கூடத்தையே தங்களோட வீட்டுக்கு மாத்த வச்சு, சின்னப் பசங்களோட பசங்களா தரையில உக்காந்து மணல்ல விரல் வச்சு அ ஆ எழுதி படிச்சாங்க. அழகப்பன்னு கம்பெனியில துபாஷியா, அதாவது மொழிபெயர்ப்பாளரா இருந்த ஒருத்தர் பேச்சுத்தமிழ் சொல்லிக் குடுத்தார், அப்படி உதவி பண்ணதுக்கு அந்த மனுஷன் பின்னால படாத பாடு பட்டார், ஊரை விட்டே துரத்தினாங்க, அவர் பேரு எந்த மேடையிலயும் வர்றதில்ல. வந்து பத்து மாசத்துல 1707 மே மாசம் முதல் ஞானஸ்நானம், அஞ்சு பேரு, யாருன்னா டேனிஷ்காரங்க வீட்டுல அடிமையா இருந்தவங்க. அடிமை வச்சிருந்தது யாரு, கிறிஸ்தவங்கதான். இதையும் சேர்த்துத்தான் சொல்லணும், நம்ம மிஷன் சரித்திரத்துக்கு நாமளே வெள்ளையடிச்சா வேற யாரு உண்மைய எழுதுவாங்க. அப்புறம் ஐரோப்பாவுல இருந்து இவங்களுக்குன்னு வந்த பணப்பெட்டி, இவ்வளவு தூரம் கடல் தாண்டி பத்திரமா வந்துட்டு, கப்பல்ல இருந்து கரைக்கு கொண்டு வர்ற படகு கவுந்து அலையோட போச்சு. கரைக்குப் பக்கத்துல! இதுக்கெல்லாம் என்ன ஆவிக்குரிய அர்த்தம் சொல்வீங்க? ஒண்ணுமில்ல, படகு கவுந்துச்சு, கடன் வாங்கினாங்க, கஞ்சி குடிச்சாங்க, பள்ளிக்கூடத்த நடத்தினாங்க.

ஜெயில் விஷயத்துக்கு வர்றேன். 1708 அக்டோபர் 17ந்தேதி புதிய ஏற்பாட்ட மொழிபெயர்க்க ஆரம்பிக்கிறார். சரியா அடுத்த மாசம் உள்ள. காரணம் பிரசங்கம் பண்ணதுக்காகன்னு நிறைய பேரு நினைச்சுட்டு இருக்காங்க, இல்ல. ஒரு நாவிதரோட விதவை மனைவி, தமிழ் அம்மா, செத்துப்போன புருஷன் காலத்து கடன் தகராறு, எதிர்ல நின்னவன் கம்பெனியில மொழிபெயர்ப்பாளரா இருந்த ஆளு. அந்த அம்மாவுக்கு நியாயம் கிடைக்கணும்னு சீகன்பால்க் திரும்பத் திரும்ப தலையிட்டார், கோயில்ல வச்சு கமாண்டன்ட் முன்னாடி மண்டி போட்டு கேளும்மான்னு யோசனையும் சொன்னார். ஹாசியஸுக்கு கோவம் வந்து கூப்பிட்டு அனுப்பினா, எழுத்து மூலமா சம்மன் குடு வர்றேன்னு இவர் பதில் சொல்லிட்டார். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும், நம்ம ஊர் மனுஷன் மாதிரி வம்பு! ஆளனுப்பி பிடிச்சுட்டு வந்து விசாரிச்சா கேள்விக்கு பதில் சொல்ல மாட்டேன்னுட்டார், தரங்கம்பாடி டேன்ஸ்போர்க் கோட்டையில நாலு மாசம் அடைச்சு வச்சாங்க. ஆரம்பத்துல பேனா மையும் கிடையாது. 1709 மார்ச்லதான் வெளிய விட்டாங்க.

இப்ப பிரசங்கம் எப்படி போகும்னா, ஜெயில்ல அமைதியா எழுத நேரம் கிடைக்கணும்னுதான் கர்த்தர் அவர ஜெயிலுக்கு அனுப்பினார்னு போகும். ஐயா, பேனா கிடைச்சதும் அவர் எழுதினது உண்மைதான், ஆனா அத வச்சு ஹாசியஸ் பண்ண அநியாயத்துக்கு கர்த்தர் பேர்ல ரசீது போடாதீங்க. நாலு மாசம் மொழிபெயர்ப்பு நின்னு போச்சு, புதுசா சேர்ந்த சபை மேய்க்க ஆள் இல்லாம தவிச்சுது, வெளிய புளுட்சோ ஒத்தை ஆளா நின்னார். நஷ்டம் நஷ்டம்தான். அந்த விதவைக்காக உள்ள போனவர்ங்கிறதே கதையில காணாம போயிடுது பாருங்க, அதுதான் எனக்கு ஆத்திரம், ஏன்னா அத சொன்னா இன்னிக்கு யாருக்காகவாவது கேள்வி கேக்க வேண்டி வரும், கோர்ட்டு போலீஸ்னு போக வேண்டி வரும். சும்மா "உபத்திரவம்"னு பொதுவா சொல்லிட்டா சௌகரியம்.

வெளிய வந்தவர் மறுபடி உக்காந்து எழுதி 1711 மார்ச் 31ல புதிய ஏற்பாட்ட முடிச்சார். அதே வருஷம் புளுட்சோ ஊருக்கு கிளம்பிட்டார். 1709ல வந்து சேர்ந்த இன்னொரு மிஷனரி குருண்ட்லர் மட்டும் கூட இருந்தார்.

மொழிபெயர்ப்பு ரெடி, அச்சடிக்கணும். லண்டன்ல இருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சி சங்கத்துக்காரங்க, நாம எஸ்பிசிகேன்னு சொல்வோம்ல அவங்கதான், ஒரு அச்சு இயந்திரம், போர்ச்சுகீஸ் எழுத்து, காகிதம், கூடவே அச்சுத்தொழில் தெரிஞ்ச யோனாஸ் ஃபிங்க்னு ஒருத்தர், எல்லாத்தையும் 1711ல கப்பல் ஏத்தி விட்டாங்க. கப்பல் பிரேசில் பக்கம் போனப்ப பிரெஞ்சுக்காரங்க பிடிச்சுட்டாங்க, அப்ப இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் சண்டை. எப்படியோ அச்சு இயந்திரம் தப்பிச்சு கப்பலும் விடுபட்டு கிளம்பிச்சு, ஆனா நன்னம்பிக்கை முனை பக்கத்துல ஃபிங்க் காய்ச்சல்ல செத்துப்போனார். அதாவது மெஷின் வந்துச்சு, மெஷின ஓட்டத் தெரிஞ்ச ஆள் வரல. பிறகு தரங்கம்பாடி கோட்டையில சிப்பாயா இருந்த ஒருத்தருக்கு அந்த தொழில் கொஞ்சம் தெரியும்னு கண்டுபிடிச்சு அவர வச்சு ஓட்ட ஆரம்பிச்சாங்க. 1713ல ஜெர்மனி ஹாலேயில இருந்து தமிழ் எழுத்து வார்த்து அனுப்பினாங்க, பார்த்தா எழுத்து ஒவ்வொண்ணும் பூதாகாரம், அந்த சைஸ்ல அடிச்சா புதிய ஏற்பாட்டுக்கே மலையளவு காகிதம் வேணும். இங்கயே சின்னதா வார்த்தாங்க. காகிதம் தட்டுப்பாடுன்னு எங்க பொறையாறுலயே ஒரு காகித ஆலை போட்டுப் பார்த்தாங்க. 1714ல சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715ல முழுசும் வந்துச்சு. அது முடியுற நேரத்துல சீகன்பால்க் தரங்கம்பாடியிலேயே இல்ல, மிஷனுக்காக வாதாட 1714 கடைசியிலயே ஐரோப்பா கிளம்பிட்டார்! உழைச்சது அவரு, கடைசி தாள் அச்சுல இருந்து வெளிய வந்தப்ப பக்கத்துல நின்னது குருண்ட்லர்.

இந்த ஃபிங்க் விஷயத்துலதான் நான் மாட்டிக்கிறேன். "ஃபிங்க் இறந்தார், ஆனால் தேவன் ஒரு சிப்பாயை ஆயத்தம் பண்ணி வைத்திருந்தார்"னு ரொம்ப அழகா சொல்லிடலாம், நானே சண்டே ஸ்கூல்ல அப்படித்தான் கேட்டேன். இத ஃபிங்க்கோட அம்மா எதிர்ல நின்னு சொல்ல முடியுமா? சிப்பாய் கிடைச்சது நன்மை, அதுக்கு நன்றி சொல்லலாம், கண்டிப்பா சொல்லணும். அதுக்காக ஃபிங்க் செத்தது கணக்குல சரி ஆயிடாது. அவர் கண்ணுக்கு தரங்கம்பாடி தெரியவே இல்ல, அவர் கையில ஒரு தமிழ் எழுத்து கூட படல, இருந்தாலும் நம்ம வேதாகம சரித்திரத்துல அவரும் ஒரு மிஷனரிதான்னு சொல்றதுதான் அவருக்கு செய்யுற மரியாதை.

அப்ப விசுவாசம்னா என்னன்னு கேப்பீங்க. எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன், நான் வேதபாடம் படிச்சவ இல்ல. இன்னிக்கு நாம கதைய பின்னால இருந்து படிக்கிறோம், முடிவு தெரியும். அவங்களுக்கு தெரியாது. ஒரு லெட்டர் போட்டா போக ஏழெட்டு மாசம், பதில் வர அதே அளவு, கப்பல் முழுகலன்னா. அச்சு மெஷின் பிரெஞ்சுக்காரன் கையில மாட்டினது இங்க இருக்கிறவருக்கு எப்ப தெரிஞ்சிருக்கும் சொல்லுங்க. அந்த நடுவுல இருக்கிற காலம், ஒண்ணும் தெரியாத காலம், அப்ப அந்த மனுஷன் காலையில எழுந்து பள்ளிக்கூடம் போனார், ஓலைச்சுவடி தேடித் தேடி வாங்கி படிச்சார், அகராதிக்கு சொல் சேர்த்தார், கணக்கு எழுதினார், கோவமா ராஜாவுக்கு புகார் எழுதினார். ஆமா, புகாரும்தான். கர்த்தர் பார்த்துக்குவார்னு வாய மூடிட்டு இருக்கல, 1715ல ஐரோப்பா போனப்ப ராஜா சண்டைக்களத்துல ஸ்ட்ரால்சுண்ட்ல இருந்தார், அங்கேயே போய் பார்த்து பேசிட்டு வந்தார். ஜெபமும் பண்ணார், மனுவும் குடுத்தார். நம்ம ஆளுங்க இதுல ஒண்ணு பண்ணா இன்னொண்ணு அவிசுவாசம்னு நினைக்கிறாங்க.

முடிவாவது நல்லபடியா இருந்துச்சான்னா அதுவும் இல்ல. திரும்பி 1716ல வந்தார், கல்யாணம் பண்ணிட்டு வந்தார், ஹாசியஸ் போயாச்சு, இனிமே நல்ல காலம்னு நினைச்சிருப்பார். இந்த தடவை அடி விழுந்தது வெளி ஆள்கிட்ட இருந்து இல்ல, சொந்த ஆபீஸ்ல இருந்து. கோபன்ஹேகன் மிஷன் கமிட்டி செயலாளர் வெண்ட்டுங்கிறவர், கட்டடம் எதுக்கு, பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு செலவு எதுக்கு, அப்போஸ்தலர் மாதிரி கையில ஒண்ணும் இல்லாம சுத்தி பிரசங்கம் பண்ண வேண்டியதுதானேன்னு லெட்டர் மேல லெட்டர். ஏசி ரூம்ல உக்காந்துட்டு ஃபீல்டுக்கு புத்தி சொல்றது அப்பவே ஆரம்பிச்சாச்சு, ஏசி மட்டும்தான் அப்ப இல்ல. உடம்பு ஏற்கனவே போயிருந்த மனுஷன் மனசும் நொந்து 1719 பிப்ரவரி 23ல கண்ண மூடினார். கல்யாணம் ஆகி நாலு வருஷம் கூட முழுசா ஆகல. பழைய ஏற்பாடு மொழிபெயர்ப்பு ரூத் புத்தகம் வரைக்கும்தான் வந்திருந்துச்சு. அடுத்த வருஷமே குருண்ட்லரும் போயிட்டார். அந்தக் கட்டத்துல யாராவது தரங்கம்பாடி வந்து பார்த்திருந்தா மிஷன் முடிஞ்சு போச்சுன்னுதான் எழுதியிருப்பாங்க.

இன்னொரு விஷயம் கட்டுரை எழுதினவருக்கு உபயோகப்படும். இவங்க எழுதின லெட்டருங்கள ஹாலேயில பிராங்கேங்கிற பெரியவர் தொகுத்து 1710ல இருந்து புத்தகமா போட்டார், ஐரோப்பா முழுக்க படிச்சு காணிக்கை அனுப்பினாங்க. ஆனா வந்தது வந்தபடி போடல, படிக்கிறவங்க மனசு கலங்குற மாதிரி இருக்கிறதை, சங்கடமானதை வெட்டி திருத்தித்தான் போட்டாங்க. சீகன்பால்க் தமிழ்நாட்டு தெய்வங்களப் பத்தி, இங்க இருக்கிறவங்கள கேட்டு கேட்டு விவரமா எழுதி 1713ல அனுப்பின புத்தகத்தை அச்சே போடல, உங்கள அனுப்பினது அத ஒழிக்கத்தானே தவிர ஐரோப்பாவுல பரப்ப இல்லன்னுட்டாங்க, அது வெளிவந்தது 1867ல. நூத்தி அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு! ஆக, மிஷனரி கதைய பாலிஷ் போட்டு விக்கிறது இன்னிக்கு ஆரம்பிச்ச பழக்கம் இல்ல.

திருநெல்வேலி பக்கமும் இதே கதைதான். டோனாவூர்ல மிஷனரியா இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மா. முதல்ல போனது ஜப்பான், உடம்பு தாங்கல, திரும்பி வந்து 1895ல இந்தியா. இங்க கிராமம் கிராமமா சுத்தி பார்த்ததை உள்ளபடி எழுதி அனுப்பினா, ஊர்ல இருந்த கமிட்டி கையெழுத்துப் பிரதிய திருப்பி அனுப்பிடுச்சு, ரொம்ப சோர்வா இருக்கு, கொஞ்சம் உற்சாகமா மாத்திக் குடுங்கன்னு. மாத்தல அந்த அம்மா. பிறகு 1903ல எழுதினது எழுதினபடியே வெளிவந்துச்சு. 1931ல ஒரு நாள் காலையில, உமக்கு இன்னும் நல்லா சேவை செய்ய எது உதவுமோ அத எனக்கு செய்யும்னு ஜெபம் பண்ணாங்களாம். அன்னிக்கு சாயந்திரமே களக்காட்டுல மருத்துவ வேலைக்குன்னு எடுத்த வீட்ட பார்க்கப் போன இடத்துல, இருட்டுல, தோண்டக்கூடாத இடத்துல தோண்டி வச்சிருந்த குழியில விழுந்து கால் உடைஞ்சு போச்சு. அதுக்கப்புறம் 1951 ஜனவரியில சாகுற வரைக்கும் ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் அந்த ரூம்தான், வலிதான். அங்க இருந்தே எழுதினாங்க, பிள்ளைங்கள பார்த்துக்கிட்டாங்க. ஜெபத்துக்கு பதில் கிடைச்சுதுன்னு ஈசியா சொல்லிடறோம். அந்த அம்மாவே சொன்னா கேட்டுக்கலாம், படுக்கையில கிடந்தவங்க அவங்க. ஃபேன் காத்துல உக்காந்திருக்கிற நமக்கு அந்த உரிமை இருக்கான்னு தெரியல. 1895ல வந்தவங்க ஒரு தடவை கூட லீவுல ஊருக்கு போகலங்கிறதையும் பெருமையா சொல்லுவாங்க, இப்ப இருக்கிற மிஷனரி குடும்பங்கள் அந்த மாதிரி இருக்கணும்னு எதிர்பார்க்கவும் செய்வாங்க, அது வேற கொடுமை.

இவ்வளவும் நான் எழுதுறதுக்கு காரணம் 300 வருஷத்து பழங்கதை இல்ல. என் தங்கச்சி மக புருஷனோட ஜார்க்கண்ட்ல ஒரு உள் கிராமத்துல மிஷனரியா இருக்கா. எந்த ஸ்தாபனம்னு சொல்ல வேண்டாம், நல்லவங்கதான். ஒடிசாவுக்குன்னு சொல்லி அனுப்பினாங்க, அங்க பாஷை கத்துக்கிட்டாங்க, வீட்டு ஜன்னலுக்கு திரை போட்ட கையோட ஜார்க்கண்ட் போங்கன்னு ஆர்டர், திரும்ப முதல்ல இருந்து வேற பாஷை. மாப்பிள்ளைக்கு மலேரியா மாத்தி மாத்தி வருது. பிள்ளைங்க ஹாஸ்டல்ல. போன வருஷம் அவளுக்கு ஒண்ணு உண்டாகி தங்கல, பக்கத்துல ஆஸ்பத்திரி இல்ல, ரோடும் இல்ல. இந்த கோடையில லீவுல வந்தா, நாலஞ்சு சபையில சாட்சி சொல்ல கூப்பிட்டாங்க. ஒரு இடத்துல மேடைக்கு ஏறுறதுக்கு முன்னாடி ஒருத்தர் வந்து சொல்றார், "சிஸ்டர், கொஞ்சம் பாசிட்டிவா முடிச்சிருங்க, ஜனங்க உற்சாகமா காணிக்கை குடுப்பாங்க". இவளும் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சது, ஒரு பாட்டி சொகமானது, இத சொல்லி முடிச்சுட்டா. கையும் தட்டினாங்க. வீட்டுக்கு வந்து புடவை கூட மாத்தாம உக்காந்துட்டா. "பெரியம்மா, கஷ்டம் எல்லாம் முடிஞ்சாத்தான் சாட்சியா, எங்களுக்கு இன்னும் முடியலையே, அப்ப நாங்க என்ன தப்பு பண்ணிட்டோமா"ன்னு கேக்குறா.

இந்தக் கேள்வி அவளுக்கு எங்க இருந்து வந்துச்சுன்னு யோசிங்க. சின்ன வயசுல இருந்து கேட்ட கதை எல்லாத்துலயும் குழியில விழுந்தவங்க அடுத்த வரியில எழுந்துக்கிறாங்க. ஜெயிலுக்குப் போனா புத்தகம் வருது, ஆள் செத்தா பதில் ஆள் ரெடியா நிக்கிறான். தனக்கு அப்படி நடக்கலன்னா நம்ம விசுவாசத்துலதான் ஓட்டைன்னு நினைச்சுக்குறாங்க. சீகன்பால்க் கதையை வெட்டாம அவளுக்கு யாராவது சொல்லியிருந்தா, பணப்பெட்டி கரைப்பக்கமா முழுகினது, ஃபிங்க் செத்தது, கடைசியில ஆபீஸ் லெட்டரே நெஞ்சுல குத்தினது எல்லாம், ஆண்டவர நம்புனவங்களுக்கும் இப்படி நடக்கும், முடிவு தெரியாமலேயே அடுத்த நாள் வேலைய பார்க்கலாம்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். அன்னிக்கு ராத்திரி நான் இத எல்லாம் அவகிட்ட சொன்னேன், வெண்ட் லெட்டர் விஷயத்துக்கு சிரிச்சுட்டா, "எங்க ஆபீஸ்லயும் ஒரு வெண்ட் இருக்கார் பெரியம்மா"ன்னா.

இப்படி பேசுனா அவிசுவாசம், முறுமுறுப்புன்னு சில பேர் எனக்கு பதில் கடிதம் எழுதுவாங்க, எழுதட்டும். 88ஆம் சங்கீதத்த கடைசி வசனம் வரைக்கும் வாசிச்சுட்டு எழுதட்டும், இருட்டுல ஆரம்பிச்சு இருட்டுலயே முடியுது, அதையும் வேதாகமத்துல வச்சுத்தான் இருக்காங்க, யாரும் பாசிட்டிவா முடிக்கச் சொல்லல. அப்போஸ்தலர் பவுல் மூணு தடவை வேண்டிக்கிட்டும் உடம்புல குத்தின முள்ளு போகல. ஆண்டவர் நல்லவர்ங்கிறதுல எனக்கு சந்தேகமே இல்ல, இந்த வயசுல எனக்கு வேற துணையும் இல்ல. அவருக்காக நாம பொய்க்கணக்கு எழுத வேண்டியதில்லன்னுதான் சொல்றேன்.

மாற்று மதத்து வாசகர்களும் உங்க பேப்பர படிக்கிறாங்க, அவங்களுக்கும் முழுக்கதைதான் நல்லது. ராஜா பணத்துல, கம்பெனி கோட்டை நிழல்ல வந்த மிஷன் இது, அந்த கம்பெனியே இவங்கள ஜெயில்ல போட்டுச்சு, அந்த சிக்கலும் இருக்கு. நம்ம தெய்வங்கள குறை சொல்லியும் எழுதினார், அதே கையால நம்ம நூல்கள பொக்கிஷமா சேர்த்து பட்டியலும் போட்டார். புனிதரும் இல்ல வில்லனும் இல்ல, கோவக்கார இளைஞர், வரும்போது 24 வயசு கூட முடியல.

என் வேண்டுகோள் ரெண்டுதான். அடுத்த ஜூலையில எழுதும்போது ஃபிங்க் பேரையும் அழகப்பன் பேரையும் அந்த நாவிதர் மனைவியையும் ஒரு வரியாவது சேர்த்து போடுங்க. இன்னொண்ணு சபைக்காரங்களுக்கு, உங்க பேப்பர் வழியா. லீவுல வர்ற மிஷனரி குடும்பத்த மேடையில ஏத்துறதுக்கு முன்னாடி வீட்டுக்கு கூப்பிட்டு சோறு போட்டு, பிள்ளைங்க ஃபீஸ் கட்டியாச்சா, மருந்து வாங்க காசு இருக்கா, போன ரத்தப் பரிசோதனையில என்ன வந்துச்சுன்னு கேளுங்க. சாட்சி சொல்ல மனசு இல்லன்னா விட்டுருங்க, கவர்ல வைக்கிறத எப்படியும் வைங்க.

அப்புறம் கட்டுரையில ரெண்டு திருத்தம் இருக்கு, போட்டுருங்க. புதிய எருசலேம் ஆலயம் 1707ல கட்டினதா போட்டிருக்கீங்க, 1707ல பிரதிஷ்டை பண்ணது முதல்ல கட்டின சின்ன எருசலேம் ஆலயம், அது இப்ப இல்ல. இப்ப ராஜா வீதியில நிக்கிற, அவர அடக்கம் பண்ணின கோயில் 1718 அக்டோபர்ல பிரதிஷ்டை ஆனது. தமிழ்ல முதல் அச்சுப் புத்தகம் தரங்கம்பாடியில வந்ததுன்னு எழுதியிருக்கிறதும் சரியில்ல, 1578லயே கொல்லத்துல கத்தோலிக்க சாமியார் அன்றீக்கே அடிகளார் தம்பிரான் வணக்கம் அச்சடிச்சுட்டார். லுத்தரன்காரி நானே சொல்றேன், அந்த பெருமை அவங்களுக்குத்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பொறையாறு, மயிலாடுதுறை மாவட்டம்